தாம்பரத்துக்கு என் பெயர் தெரிந்த சாயங்காலம்

தாம்பரம் மார்க்கெட்டை நான் முதன்முதலாகப் பார்த்தது என் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. அத்தை என் அப்பாவின் தங்கை. கோவளத்தில் பிறந்து சேலையூரில் வாழ்க்கைப்பட்டவள். மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையையும், தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டுவாள். அவளைப் போல மார்க்கெட்டைச் சுற்றிக் காட்ட இன்றைக்கு வரைக்கும் ஓர் ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. அவள் சொன்னதில் பாதி பொய் என்பது வேறு விஷயம்.

எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. மார்க்கெட் காட்டத்தான் கூட்டிப் போகிறார்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நிஜத்தில் அன்றைக்குக் காட்டுவதற்கு இருந்தது மார்க்கெட் இல்லை, என் அக்கா.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஜனம்தான். ஆனால் கட்டுமரத்தை எப்போதோ விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் குடியேறியவர்கள். மாப்பிள்ளைக்கு மேசை நாற்காலி போட்ட கவர்மெண்டு உத்தியோகம். அவனுடைய அம்மா அடக்கமான பெண்ணாகத் தேடிக்கொண்டிருந்தாள். அத்தை அவளிடம், "எங்க அண்ணன் பொண்ணு இருக்கிற எடம் தெரியாது. வூட்லயே குந்திகினு தையல் கத்துக்கினு கீது" என்று சொல்லி வைத்திருந்தாள்.

என் அக்கா ஒரு நாளும் ஊசியைத் தொட்டவள் இல்லை. விடிவதற்குள் கரையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, கேளம்பாக்கம் வரைக்கும் தெருத் தெருவாகக் கூவி விற்பாள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தக் கூடையால்தான். அவள் தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கடைசி வீட்டில் குழம்புக்குப் புளி ஊறப் போட்டுவிடுவார்கள். கரையில் நின்று கூப்பிட்டால், அலைக்கு அந்தப் பக்கம் கட்டுமரத்தில் இருக்கும் அப்பா திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் குரலைத்தான் அன்றைக்கு மறைக்க வேண்டியிருந்தது. அவள் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் மடியில் பிள்ளை இருந்தது. இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் அந்தப் பேச்சு பெண்ணின் மேல் ஒட்டிக்கொண்டுவிடும், கழுவினாலும் போகாது. மார்க்கெட்டில் தற்செயலாகப் பார்த்தது போலப் பார்த்தால், பிடிக்காவிட்டாலும் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு அவரவர் வழியில் போய்விடலாம். இது அத்தை போட்ட ஏற்பாடு. அக்காவுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

கிளம்பும்போது அத்தை தன்னுடைய நைலக்ஸ் புடவையை அக்காவுக்குக் கட்டிவிட்டு, அக்காவின் கைகளை முகர்ந்து பார்த்து, மறுபடி ஒரு தரம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள்.

"இந்தா மே, அங்க வந்து வாயத் தொறக்காத. எதுனா கேட்டா தலைய ஆட்டு. பேரம் கீரம் பேசிடாத."

"மூச்சு வுடலாமா அத்தே?"

"வுடு. சத்தமில்லாம வுடு."

ரயில்பாதையைத் தாண்ட ஏணிப் பாலம் ஏறினோம். நடுப்பாலத்தில் நிற்கும்போது காலுக்கடியில் மின்சார ரயில் ஒன்று போனது. அலை அடிக்கிறது என்று நினைத்து, கடல் எந்தப் பக்கம் என்று அத்தையிடம் கேட்டேன். "இங்க கடலு கெடையாதுடி. அதுக்குப் பதிலு மார்க்கெட்டு கீது" என்றாள். இறங்கினதும் அவள் சொன்னது சரிதான் என்று தெரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் இருட்டு முழுசாக வந்து உட்கார்ந்துவிடும். கடலுக்குள் தெரிகிற ஒன்றிரண்டு வெளிச்சப் புள்ளிதான் எங்களுக்கு விளக்கு. இங்கே இருட்டுக்கு நிற்க இடமே இல்லை. கடைக்குக் கடை குண்டு பல்பு. பல்பு இல்லாத தரைக்கடைகளில் பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. தக்காளிக் குவியலில் ஒவ்வொரு தக்காளிக்குள்ளும் ஒரு பல்பு எரிந்தது. பாத்திரக்கடையில் அடுக்கியிருந்த குடங்களில் என்னுடைய முகம் பானை பானையாகத் தெரிந்தது. ஒருவன் மரத்தை இழைப்பது போல ஐஸ் கட்டியை இழைத்து, அந்தத் தூளின் மேல் சிவப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். இன்னொருவன் ரிப்பனை முழங்கையால் அளந்து அளந்து விட்டுக்கொண்டே இருந்தான், அது தீரவே இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கூவினார்கள். ஆனாலும் யார் குரலும் யார் குரலிலும் இடிக்கவில்லை. நான் வாயை மூட மறந்து நடந்தேன். பஜ்ஜிக்கடைப் புகை வாய்க்குள் போய் இருமல் வந்த பிறகுதான் மூடினேன்.

அத்தை கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். "தோ பாரு, அது என் வெங்காயக்காரரு. என்னியப் பாத்தாப் போதும், ஒரு கை அள்ளி சும்மாவே போடுவாரு."

வெங்காயக்காரர் நிமிர்ந்து பார்த்து, "தள்ளி நில்லும்மா, வெளிச்சத்த மறைக்காத" என்றார்.

"தமாசு பண்றாரு" என்று சொல்லிவிட்டு அத்தை வேகமாக நடந்தாள்.

வளையல் கடை வந்ததும் அத்தை நின்றாள். வெல்வெட்டுத் துணி சுற்றிய கழிகளில் வளையல்கள் கோத்திருந்தன. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆளும் அவனுடைய அம்மாவும் அங்கே வந்தார்கள். அத்தை கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அய்ய, நீங்களா! நம்பவே முடியல! இன்னா இந்தப் பக்கம்?" என்றாள்.

"சும்மா காய் வாங்கலாம்னு வந்தோம் அண்ணி" என்றாள் அந்த அம்மா. அவள் கையில் பையே இல்லை.

இவ்வளவு பெரிய கூட்டத்திலும் அத்தைக்குத் தெரிந்தவர்கள் வந்து நிற்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை. அந்த அம்மா என் அக்காவைக் கால் நகத்திலிருந்து உச்சி வகிடு வரைக்கும் பார்த்தாள். "என்னம்மா, தையல் எல்லாம் நல்லா வருதா?" என்று கேட்டாள். அக்கா தலையை ஆட்டினாள். வெள்ளைச் சட்டை அக்காவைப் பார்க்காமல் வளையலைப் பார்த்தான். கடைக்காரன் ஒரு டஜன் வளையலுக்கு அநியாய விலை சொன்னான். பேரம் பேசாமல் அக்கா அதற்கும் தலையை ஆட்டினாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தேன்.

பெரியவர்கள் பேசாமல் நின்றால் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம்தான் கால் தரிக்கும்? பக்கத்துச் சந்தில், தரையோடு தரையாக ஒரு வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. போனேன்.

அது ஒரு அலுமினியத் தொட்டி. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், தண்ணீருக்குள் மீன்கள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. கறுப்பாக, பாம்புத் தலையோடு, ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு. மீன் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் மீன் உயிரோடு கடைக்கு வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்படியே குந்திவிட்டேன்.

"இன்னா பாப்பா, மீனு பாத்ததே இல்லியா?" என்றாள் மீன்காரம்மா.

"எங்கூர்ல செத்துட்டுதான் கரைக்கு வரும்."

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இது விராலு கண்ணு. பீர்க்கன்கரணை ஏரியில புட்ச்சது. தொடு, கடிக்காது." தொட்டேன். விரலுக்கடியில் அது ஒரு தரம் துடித்து விலகியது. அந்தத் துடிப்பு இப்போதும் விரலில் இருக்கிறது.

அப்போதுதான் என் பெயர் வந்தது.

"யெல்லம்மோ...ஓஓவ்!"

மார்க்கெட்டின் அத்தனை கூவலுக்கும் மேலே ஏறி, ஒரு அலை போல வந்து என் மேல் விழுந்தது. அக்காவின் குரல்தான். ஆனால் கோவளத்தில் காற்று பாதியைத் தின்றுவிடும். இங்கே ஒன்றும் சிந்தாமல் முழுசாகக் கேட்டேன். ரிப்பன் அளந்தவன் கை நின்றது. ஐஸ் இழைக்கிற சத்தம் நின்றது. மீன்காரம்மா தராசைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே!" என்று கும்பிட்டாள். பூக்காரிகள் கும்பிட்டார்கள். வெங்காயக்காரர் கூட எழுந்து நின்றுவிட்டார்.

இரண்டாவது தரமும் வந்தது. "யெல்லம்மோ...ஓஓவ்!" யாரோ ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்தினார்கள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தாம்பரம் முழுக்க என் பெயரைக் கும்பிடுகிறது. பதில் சொன்னால் அக்கா கூப்பிடுவதை நிறுத்திவிடுவாள். அதனால் மூன்றாவது தரமும் கேட்கலாம் என்று கமுக்கமாக உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது குரல் உடைந்து வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்தேன்.

"போவாத பாப்பா, அம்மன் வந்துக்கீது. உன் பேரு இன்னா, யாரு கூட வந்த?" என்றாள் மீன்காரம்மா.

"எல்லம்மா."

அம்மன் பெயர்தான் எனக்கும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அடிப் பாவி! உன்னியா கூப்டுது!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வளையல் கடை வாசலில் கூட்டம் வட்டம் கட்டியிருந்தது. நடுவில் அக்கா. தேடி ஓடியதில் கொண்டை அவிழ்ந்து முடி விரிந்திருந்தது. யாரோ அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஒரு பெரியவர் எதிரில் குனிந்து, "ஆத்தா, என் மவனுக்கு இந்த வருசமாவது வேல கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா, "எங்க தங்கச்சியக் காணோம்யா! கொயந்தையக் காணோம்!" என்று கதறினாள். "கொயந்தை வரம் கேக்குதுடா" என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனுக்கு விளக்கம் சொன்னான்.

என்னைப் பார்த்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். அவளுடைய நெஞ்சு அந்த விரால் மீனைப் போலத் துடித்தது.

வெள்ளைச் சட்டையின் அம்மா எட்ட நின்று கும்பிட்ட கையோடு அத்தையைக் கேட்டாள். "என்ன அண்ணி, பொண்ணுக்கு சாமி வருமா? நீங்க சொல்லவே இல்லையே!"

அத்தை மாட்டிக்கொண்டாள். இல்லை என்றால், அப்புறம் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். தையல் படிக்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு குரல் எந்த ஊரிலும் கிடையாது.

"எப்பனா... ஆடி மாசத்துல... லேசா வரும்" என்றாள் அத்தை.

"எங்க வீட்ல தெனம் கவிச்சி பொழங்குது. சாமி வர்ற பொண்ணு எங்களுக்குத் தாங்காது அண்ணி." அவள் குரலில் நிஜமான பயம் இருந்தது. மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "சாமியும் வர்ல, ஒண்ணும் வர்ல. நான் மீனு விக்கிறவ. கேளம்பாக்கம் வரிக்கும் கூடை தூக்கறேன். இது என் கொரலு." அன்றைக்கு அவர்களிடம் அவள் பேசின முதல் பேச்சு அதுதான். கூட்டத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினவள், "அட ச்சே, சாமி இல்லியா?" என்று சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளைச் சட்டை அப்போதுதான் முதல் தடவையாக அக்காவை நேராகப் பார்த்தான். அவன் அம்மா, "நட நட, ரயிலு வந்துடும்" என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது அவன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

நாங்கள் திரும்பி நடந்தோம். அத்தை இந்த முறை எந்தக் கடையையும் காட்டவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டே வந்தாள். பஜ்ஜிக்கடைப் புகை அவளுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "கை கூடி வந்த இடம் மே" என்றாள் ஒரு முறை. "கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்சம் நேரம் வாய மூடியிருந்தீனா..."

"கொயந்தை போயிருந்தா, அத்தே?"

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஏணிப் பாலத்தின் நடுவுக்கு வந்தோம். ஒரு பக்கம் மார்க்கெட் வெளிச்சம் முழுவதும் கீழே கொட்டிக் கிடந்தது. இன்னொரு பக்கம் பிளாட்பாரத்தில் ஜனங்கள் ரயிலுக்கு நின்றிருந்தார்கள். அந்த வெள்ளைச் சட்டையும் அவன் அம்மாவும் அங்கே நின்றிருந்தார்கள். எனக்கு மனசு முழுக்க என் பெயர்தான்.

"யக்கா, இன்னொரு தபா கூப்புடுக்கா."

"சும்மா கெட சனியனே" என்றாள் அத்தை.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கீழே பிளாட்பாரத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். இன்னொரு கையால் என்னைப் பிடித்திருந்தாள். அலைக்கு அப்பால் இருக்கிற ஆளைக் கூப்பிடுவது போல முழு நெஞ்சையும் திறந்து கூப்பிட்டாள்.

"யெல்லம்மோ...ஓஓஓவ்!"

பிளாட்பாரம் மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது. வெள்ளைச் சட்டையும் பார்த்தான். அவனுடைய கை தோள் வரைக்கும் உயர்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. அதற்குள் ரயில் வந்து மறைத்துவிட்டது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்த நான், அவ்வளவு பெரிய குரலுக்கு, "இன்னாக்கா?" என்று பதில் சொன்னேன்.