மரவள்ளிக்கு யார் காவல்?

இருபது முகம் உள்ள பகடையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வார்கள்? எண்ணுவார்கள். என் அக்காவின் மூன்று பிள்ளைகளும் எண்ணினார்கள். பதினோரு வயதுப் பெரியவளுக்கு இருபது வந்தது. ஒன்பது வயதுப் பையனுக்கு இருபத்திரண்டு. ஆறு வயதுக் கடைக்குட்டி பாதியில் விட்டுவிட்டு, இதைத் தின்னலாமா என்று கேட்டாள்.

கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் நான் பழகிய விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக நின்று, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும், சின்ன எண் விழுந்தால் சொதப்பும். கட்டம் கிடையாது, காய் கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு இது பிடிபடுமா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோடை விடுமுறையில் மலைமேல் பைல் நாட்டிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போது, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதிலிருந்து பஸ் வளையும்போதெல்லாம் கதையில் ஒரு காட்சியைச் சேர்த்துக்கொண்டே போனேன். அருவிக்குப் பின்னால் ஒரு குகை. குகைக்குள் ஒரு பூதம். பூதத்திடம் ஒரு பெட்டி. பெட்டிக்குள் என்ன என்று யோசிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது.

மறுநாள் காலை, பலாச்சுளைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நீங்கள் மூன்று பேரும் குகையைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள் என்று ஆரம்பித்தேன். பெரியவள் கையைத் தூக்கினாள்.

"அப்பக் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு யாருங்க சித்தி காவல்?"

எந்தக் காடு? நான் கதையில் மரவள்ளியே நடவில்லையே. ஆனால் அவர்களுக்கு வீடு என்றால் பக்கத்திலேயே கிழங்கு நட்ட காடு உண்டு, காடு என்றால் பன்றி வரும், பன்றி வந்தால் ஒருவர் இருந்து தகரம் தட்ட வேண்டும். குகையில் பூதம் இருக்கிறது என்றதை மூவரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். காவல் இல்லாமல் காட்டை விட்டுவிட்டுப் போவதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை.

பாப்பா இருக்கட்டும் என்றான் பையன். அப்படியே முடிவாயிற்று. கடைக்குட்டி எழுந்து போய் ஒரு தகரத் தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணனும் அக்காவும் காட்டாற்றைத் தாண்டினார்கள், தேனீக் கூட்டத்திடமிருந்து தப்பினார்கள், ஒரு கரடியை ஏமாற்றினார்கள். அவள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே, "இப்ப நான் வரட்டுங்களா?" என்று கேட்பாள். காவலை விட்டுவிட்டா வருவாய் என்று அக்கா அதட்டுவாள்.

அன்று மத்தியானம் கதையில் பையன் கயிற்றைப் பிடித்து அருவிப் பாறையில் ஏறினான். பகடை உருட்டச் சொன்னேன். ஒன்று விழுந்தது. மூவரும் ஒரே குரலில் "தாயம்" என்று கத்தினார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாயம் ஆடும் பிள்ளைகளுக்கு ஒன்றை விட உசத்தியான எண் உண்டா? ஒன்று விழுந்தால்தானே காயே உள்ளே இறங்கும். இந்த ஆட்டத்திலோ ஒன்றுதான் இருப்பதிலேயே மோசம். மென்று விழுங்கிச் சொன்னேன். அவன் நம்பவில்லை. போனில் விதியை எடுத்துக் காட்டினேன். கயிறு அறுந்தது, அவன் கட்டுச்சோற்று மூட்டை தண்ணீரோடு போயிற்று. சாயங்காலம் வரை அவன் பலாச்சுளையைத் தொடவில்லை.

மறுநாள் கடைக்குட்டி தட்டை எடுத்துவரவில்லை. உட்காரவும் இல்லை. இன்றைக்கும் காவல்தான் என்றால் நான் கொல்லையிலிருக்கும் ஆட்டுக்குட்டியிடம் போகிறேன் என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. இப்போது எழுந்து போனால் இனி வர மாட்டாள். நான் அவசரமாக ஒரு வழி சொன்னேன். பகடையை உருட்டு. பத்துக்கு மேல் விழுந்தால் பக்கத்துக் காட்டுக்காரர் உனக்குப் பதிலாகக் காவல் இருப்பார், நீ குகைக்குப் போகலாம்.

பலாப்பால் ஒட்டிய கையால் உருட்டினாள். பகடை சோம்பலாகப் புரண்டு நின்றது. ஒன்று.

"தாயம் போட்டுட்டேன். உள்ள வாரேன்," என்று குதித்தாள்.

பையன் என்னைப் பார்த்தான். "எனக்கு மட்டும் கயிறு அறுந்துச்சுங்களே சித்தி?"

அவன் கேட்டது நியாயம். இவளை விட்டால் அவனுக்கு அநியாயம், இவளைத் தடுத்தால் இவள் ஆட்டுக்குட்டியிடம் போய்விடுவாள். போனில் இதற்கு விதி இல்லை. கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைக்கட்டுமே என்று அவளிடமே கேட்டேன். "சரி கண்ணு, இதுல ஒண்ணு விழுந்தா கெட்டது நடக்கோணும். காட்டுல என்ன ஆச்சு? நீயே சொல்லு."

அவள் பகடையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"பன்னி வந்துருச்சு. இருவது பன்னி. தகரம் தட்டுனேன், போகவே இல்ல. எல்லாக் கெழங்கையும் தின்னுபோட்டுது."

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணுகூட மிச்சமில்லையா சாமி?"

"ஒண்ணுகூட இல்ல. இனி அங்க எதுக்குக் காவல்? நான் வாரேன்."

பையன் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தான். ஒரு மூட்டைச் சோறு எங்கே, ஒரு காடு முழுக்கக் கிழங்கு எங்கே. அவனை விடப் பெரிய நஷ்டம்தான். வா என்றான். உடனே, "அம்மாகிட்ட நீதான் சொல்லோணும்," என்றும் சேர்த்துக்கொண்டான்.

குகை வரைக்கும் அவள்தான் முன்னால் நடந்தாள். பூதத்தோடு பெரிய சண்டை ஒன்றை நான் தயார் செய்து வைத்திருந்தேன். யாருக்கும் சண்டையில் மனமில்லை. பன்றி தின்றுவிட்டதைப் பூதத்திடம் விலாவாரியாகச் சொல்லி, நடுவதற்கு மரவள்ளிக் குச்சி இருக்குமா என்று பெரியவள் கேட்டாள். பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. கடைக்குட்டியைத் திறக்கச் சொன்னேன். பெட்டி நிறையக் குச்சிகள், கணுவெல்லாம் பச்சையாக.

மூவருமாகச் சுமந்துவந்து நட்டார்கள். நட்டதற்கு யார் காவல் என்று பெரியவள் வாயைத் திறப்பதற்குள், கடைக்குட்டி உள்ளே ஓடி, தகரத் தட்டைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தாள்.