இருப்பில் குறைந்த அரிசி

என் கணவர் ஒரு ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் சும்மா உட்கார முடியாமல், சமையலறையை ஒட்டியிருந்த என் சாமான் அறைக்குள் நுழைந்தார். நான்கே நாளில் அது அவருடைய அறையாகிவிட்டது.

அலமாரித் தட்டுகளுக்கு எண் போட்டார். டின்களுக்கு அட்டை கட்டினார். அட்டையில் வந்தது, போனது, இருப்பு என்று மூன்று கட்டம். பழைய பருப்பு முன்னால், புதுப் பருப்பு பின்னால். சர்க்கரை பாட்டிலின் மேல் என் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு. சர்க்கரை அதற்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே வாங்கியாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டு வந்தால், அவர் அட்டையில் எழுதி முடிக்கும்வரை கிண்ணமும் கையுமாக நிற்பாள். தெருவே அவரை ‘ஸ்டோர்’ என்றுதான் கூப்பிட்டது. எங்கள் வீட்டுக்குள் எலி வந்தாலும் எழுதி வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று நானே கேலி செய்வேன். ஆனால் இல்லாததைச் சொல்லக் கூடாது. அவர் கை வைத்த பிறகு எங்கள் வீட்டில் எதிலும் வண்டு விழவில்லை, உப்பு தீர்ந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு யாரும் கடைக்கு ஓடவில்லை.

அப்போதுதான் என் நாத்தனார் வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஒரு பெண்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் சமையல் வேலை. ஹாஸ்டலை மூடிவிட்டார்கள், வேறு வேலை கிடைக்கும்வரை அண்ணன் வீடு. இரண்டு பைகளோடு வந்து இறங்கியவள் மறுநாளே அடுப்படிக்குள் வந்துவிட்டாள்.

“அண்ணி, நீங்க போய் உக்காருங்க. இத்தனை வருஷம் நின்னது போதும்.”

உட்கார்ந்தேன். முதல் வாரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு என் கணவர் தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் போடும்மா” என்று அவளிடம் கேட்டார். என்னிடம் அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

மாதக் கடைசியில் அவர் வழக்கம்போல் எல்லா டின்னையும் இறக்கி எடை போட்டார். பருப்பு சரி, மாவு சரி, எண்ணெய் சரி. அரிசி மட்டும் உதைத்தது. அட்டைப்படி ஏழு கிலோ இருக்க வேண்டும். தராசில் மூன்றுகூட இல்லை. மூன்று தரம் போட்டுப் பார்த்தார்.

“நாலு கிலோவுக்கு மேல காணும்” என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “ஒரு டம்ளருக்கு இருநூறு கிராம். ஒரு நாளைக்கு மூணு டம்ளர். கணக்கு தப்பவே தப்பாது.”

“அப்ப அரிசி எங்க போச்சு?”

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே அவர் தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எந்த மெஸ்ஸில் அரிசி குறைந்தாலும் முதலில் சந்தேகப்படுவது சமையல்காரியைத்தான். அந்தப் புத்தி அவருக்கு ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து வந்தது.

சாயங்காலம் துணி ஊறவைக்கும்போது சோப்புத்தூள் டப்பாவுக்குள் கையை விட்டேன். கையில் வந்தது பழைய அரிசி டம்ளர். நாத்தனார் வந்த புதிதில், மூன்று வாரம் முன்னால், அதன் காது உடைந்துவிட்டது. அதைச் சோப்புத்தூளுக்குப் போட்டுவிட்டு, அலமாரியில் சும்மா கிடந்த வேறொரு டம்ளரை அரிசி டின்னுக்குள் போட்டவள் நான்தான். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கழுவித் துடைத்து, யாரும் இல்லாத நேரத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். புதியதில் நான்கு டம்ளர் தண்ணீர், பழையதில் ஐந்துக்கு மேல் வந்தது. யாரும் எதையும் எடுக்கவில்லை. காணாமல் போன அரிசியை மூன்று பேரும் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டிருந்தோம். அவரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டார்.

அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் இருக்கவில்லை. தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டேன். இவள் போனால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுநாள் அட்டைகளில் நான்காவதாக ஒரு கட்டம் முளைத்தது: ‘எடுத்தவர் கையெழுத்து’. ஒரு பேனாவை நூலில் கட்டிக் கதவில் தொங்கவிட்டார்.

“பொதுவா எல்லாருக்கும்தாம்மா. தப்பா நினைச்சுக்காத.”

“இதுல என்னண்ணா இருக்கு? மெஸ்ல போடாத கையெழுத்தா?” என்று சிரித்தாள்.

எல்லாருக்கும் என்றாரே தவிர, என்னிடம் அவர் ஒரு நாளும் கையெழுத்துக் கேட்கவில்லை. அவள் மட்டும் போட்டாள். மூன்று டம்ளர் அரிசிக்கு ஒன்று, ஒரு கைப்பிடி பருப்புக்கு ஒன்று. டீக்குச் சர்க்கரை எடுத்தால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதற்கும் ஒன்று. நான்காம் நாளிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். வயிறு மந்தமா இருக்கு அண்ணி என்றாள். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பதினோரு நாள் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள், ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை கிடைத்துவிட்டது, தங்க அறையும் கொடுக்கிறார்கள் என்று கிளம்பினாள். போகும் முன் பைகள் இரண்டையும் கூடத்தில் திறந்து, ஏதோ தேடுவதுபோல் ஒவ்வொரு துணியாக எடுத்து வெளியே வைத்தாள். அவள் எதையும் தேடவில்லை. எங்களுக்குக் காட்டினாள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மத்தியானம் நான் சமைத்த சோறு எங்கள் இருவருக்கும் இறங்கவில்லை. அதற்குமேல் தாங்காமல், பழைய டம்ளரை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். “காது உடைஞ்சதுன்னு மாத்தினேங்க. இப்பதான் கவனிக்கிறேன், அது பெருசு போல இருக்கு” என்றேன். அந்த ‘இப்பதான்’ பொய்.

அவர் இரண்டிலும் அரிசி நிரப்பி எடை போட்டார். எழுதக்கூட இல்லை. தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, “நீயும் வா” என்றார்.

கேன்டீனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரே ஒரு நாற்காலி. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவள் நின்றாள். அவர் கையைக் கூப்பாத குறையாகப் பேசினார். “டம்ளர் மாறினது எனக்குத் தெரியாதும்மா. உன்னைப் போய்...”

“எனக்குத் தெரியும்ணா. கையில எடுத்த அன்னைக்கே தெரிஞ்சுது. இருபத்திரண்டு வருஷமா அளந்த கை இது.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“சொன்னா அண்ணியை இல்ல திட்டுவீங்க? நான் வந்ததால ஒரு வயிறு கூடிப்போச்சுன்னு, நீங்க அளந்து கொடுக்கிறது பத்தாதுன்னு, உங்களுக்குத் தெரியாம பெரிய டம்ளரா போட்டு வெச்சிருந்தாங்க. எனக்காகச் செஞ்சவங்களை நானே காட்டிக் கொடுப்பேனா?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

இல்லை என்று நான் சொல்லவில்லை.