அத்தானின் துவக்குப் பிடி

அக்காவின் கணவர் அமெரிக்காவில் பழைய ரிவால்வர்கள் சேர்க்கிறார். எல்லா ரிவால்வர்களையும் அல்ல. யாரோ ஒரு காலத்தில் தினமும் சட்டைப்பையில் கொண்டு திரிவதற்கென்று பட்டறையில் கொடுத்து மாற்றிய சின்ன ரிவால்வர்களை மட்டும். குழலைக் குறுக்கி, துணியில் மாட்டாதபடி பின்பக்கக் கொக்கியை அராவி, விரல் சட்டென்று நுழைவதற்காக, விசையைச் சுற்றியிருக்கும் வளையமான விசைக் காப்பின் முன்பாதியை வெட்டி எடுத்திருப்பார்கள். அத்தானிடம் பதினொன்று இருக்கின்றன. பதினொன்றும் இரும்புப் பெட்டிக்குள்.

போன ஆவணியில் கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்குக் கைபேசியில் படங்களைக் காட்டினார்.

"தம்பி, உதிலை ஒண்டையாவது கொண்டு திரிஞ்சனீங்களோ?"

"இல்லை மாமி. தேய்ஞ்சு போடும்."

படம் நல்ல தெளிவாக இருக்கிறது என்று மட்டும் அம்மா சொன்னார். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

இரண்டாம் நாள், ஒரு காலுறைக்குள்ளிருந்து உள்ளங்கையளவு மரத்துண்டு ஒன்றை எடுத்தார். ஒரு ரிவால்வரின் பிடியில் வலப்பக்கத்து மரம். இடப்பக்கத்தது வெடித்துவிட்டதாம், அங்கே அதற்குச் சோடி செய்ய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, உரும்பிராயில் எனக்குத் தெரிந்த தச்சரிடம் போனேன்.

வழியெல்லாம் தன் ரிவால்வர் துவக்குகளைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தவர், தச்சர் "இதென்ன சாமான்?" என்று கேட்டதும் திரும்பி ரோட்டைப் பார்த்தார். சண்டைக் காலத்தில் இங்கே வளர்ந்தவர். துவக்கு என்ற சொல்லை வெளியில் நின்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"கத்திப்பிடி," என்றார்.

"என்ன வெட்டுறது?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

"மரக்கறி."

நான்கு நாள் கழித்துப் போனோம். முதிரை மரத்தில் வழுவழுவென்று ஒரு முழுப் பிடி. விரல்களுக்குப் பள்ளம், கத்தியின் அலகு இறங்க நடுவில் ஒரு வெட்டு. பூசணிக்காய் வெட்டினாலும் கை நோகாது என்றார் தச்சர். அத்தான் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"அண்ணை, அது துவக்குப் பிடி," என்றேன் தச்சரிடம். "துவக்கு அமெரிக்காவிலை கிடக்குது."

"கொண்டந்த அண்டைக்கே தெரியும்," என்றார் அவர். "உந்த வளைவு எங்களுக்குத் தெரியாதோ? ஆனா இவர் மரக்கறி வெட்ட எண்டு சொன்னவர். பிறகு நான் என்னெண்டு துவக்குக்குச் செய்யிறது?"

அத்தான் முதலில் வெட்கப்பட்டார். பிறகு அவர்தான் எங்கள் இருவரையும்விட அதிகமாகச் சிரித்தார். கைபேசியை எடுத்துப் படங்களைக் காட்டினார். தச்சர் ஒரு படத்தைப் பெரிதாக்கி, வெட்டிய விசைக் காப்பை உற்றுப் பார்த்தார்.

"உதை அராவினவன் நல்ல வேலைகாரன். ஒரு இடத்திலையும் கை நடுங்கேல்லை."

பதினொரு ரிவால்வர்களுக்கும் இதுவரை இப்படியொரு பாராட்டு எங்கள் வீட்டில் கிடைத்ததில்லை. அத்தான் பட்டறை வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றின் கதையையும் சொல்லி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. தச்சர் சீவுளியை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டார்.

அதன்பிறகு தச்சர் அதே முதிரையில் புதிதாகச் செய்துகொடுத்த இடப்பக்கத் துண்டு, அமெரிக்காவில் ரிவால்வரில் அச்சொட்டாகப் பொருந்தியதாம். நிறம்தான் சேரவில்லை, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் மஞ்சள். சேகரிப்பாளர்கள் கூடிய இடத்தில் அந்த மஞ்சள் மரம் எந்தப் பட்டறை வேலை என்று பலரும் விசாரித்தார்களாம்.

"நிண்டு நிண்டு எல்லாருக்கும் உரும்பிராயை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்," என்றாள் அக்கா தொலைபேசியில். "நான் காருக்குள்ளை இருக்கிறன்."