வலைக்கு மேலே கட்டிய கொடி

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், கனடாவில், புவாண்ட்-கிளேரில் சொந்தமாகக் கிடங்கு வைத்திருக்கிறேன். அமெரிக்க லொறிகளே என் வாசலில் வரிசையில் நிற்கும். 2009 கோடையில் வந்த ஒரு லொறியில் மஞ்சள் கொடி கட்டியிருந்தது. நடுவில் சுருண்ட பாம்பு, கீழே ஒரு வரி.

"என்னை மிதிக்காதே எண்டு எழுதியிருக்கப்பா," என்றாள் மகள். "இங்கிலாந்து ராசாவை எதிர்த்துச் சண்டை பிடிச்ச காலத்துக் கொடி. இப்ப தங்கட அரசாங்கத்தோட கோவமெண்டாலும் கட்டுகினம்."

எனக்கு மன்னாரின் ஈர வலை மணத்தது. செருப்புக்காலோடு வலையில் ஏறினால் மீன் படாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கள்ளத்தோணி தேடுகிறோம் என்று நேவிக்காரர் சப்பாத்தோடு வள்ளத்தில் ஏறி வலையெல்லாம் மிதிப்பார்கள். பொறுக்கமாட்டாமல் அப்பா வேட்டியைக் கிழித்து, 'வலையை மிதிக்காதே' என்று தாரால் எழுதி, மாதா கோயில் சுவாமியாரிடம் கொடுத்து மந்திரித்துப் பாய்மரத்தில் கட்டினார். அன்றைக்கு எங்கள் வள்ளம்தான் கரையிலேயே பெரிய வள்ளம் மாதிரி இருந்தது.

நேவி வந்தபோது நானும் வள்ளத்தில் இருந்தேன். அப்பா நெஞ்சை நிமிர்த்திக் கொடியைக் காட்டினார். அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது.

"மிதிக்காதேங்கோ ஐயா," என்று கும்பிட்டபடி அவர் வலைக்கு முன்னால் குந்தினார். ஒருவன் சிரித்துக்கொண்டே அவரைச் சுற்றி, வலைக்கு மேலால் நடந்து போனான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லொறிக் கொடியையே பாத்துக்கொண்டு நிக்கிறியள், பிடிச்சுப்போச்சோ அப்பா?" மகள் சிரித்தாள்.

"அவங்கட ராசாவுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியும், பிள்ளை," என்றேன்.