குழாயை மூடிய கை

மார்கழி பிறந்துவிட்டால் வீரையன் ஓட்டும் முதல் பஸ்ஸின் முன் இருக்கைக்குப் போட்டி வந்துவிடும். கும்பகோணம் மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகும் தர்மாம்பாள்தான் பெரும்பாலும் ஜெயிப்பாள். திருவிடைமருதூர் தாண்டும்வரை கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வயல், வாய்க்கால், எதிரே வரும் மாட்டுவண்டியின் லாந்தர் எல்லாம் ஒரே வெள்ளைக்குள் கிடக்கும்.

"என்னப்பா இது, நீ ஊர்ந்து போற வேகத்துக்கு அடுத்த வருசம்தான் போய்ச் சேருவோம் போல. காஷ்மீர்ல பட்டாளத்து லாரி ஓட்டுன ஆளுக்கு இதெல்லாம் ஒரு பனியா?"

"அங்க பள்ளம் எங்கன்னு நல்லாத் தெரியும்க்கா. வழுக்குனா எங்க போய் விழுவோம்னும் தெரியும். இங்கதான் ஒண்ணும் தெரியல."

"பிரேக்குப் போட வேண்டியதுதானே?"

"ஐஸ் மேல பிரேக்குப் போட்டா சக்கரம் நிக்கும். வண்டி நிக்காது."

பஸ் சிரிக்கும். அவன் இன்னும் சொல்வான். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டும் விதம், முன்னால் போன வண்டியின் தடத்தைவிட்டு ஒரு சாண்கூட விலகாமல் போவது, ஏற்றத்தில் நின்றுவிட்டால் திரும்பக் கிளப்ப முடியாது என்பது எல்லாம் சொல்வான். யாராவது, "ஒரு வருசம் குளிர் முடியற வரைக்கும் அங்கயே மாட்டிக்கிட்டியாமே, எப்படி?" என்று கேட்டால் மட்டும் எதிரில் யாரும் இல்லாவிட்டாலும் ஹாரனை அழுத்துவான்.

வீரையனின் அப்பா இளையபெருமாள் சிவசாமி மிராசுதாரின் நிலத்தில் இரண்டு மா குத்தகைக்குச் செய்தவர். ரசீது கிடையாது. களத்தில் அளந்து கொடுப்பார், மீதியைத் தலையில் தூக்கி வருவார், அவ்வளவுதான் கணக்கு. பேச்சு குறைவு. ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் கறார். வயலை வடித்தால் மடையைச் சேறு வைத்து அடைத்துவிட்டுத்தான் கரையேற வேண்டும். பத்து வயதில் ஒருநாள் அடைக்காமல் வந்ததற்காக வீரையன் வாங்கிய அறையில் காது இரண்டு நாள் இரைந்தது. அதன்பிறகு அந்தப் பாடத்தைக் கை மறக்கவில்லை. எதைத் திறந்தாலும் மூடிவிட்டுத்தான் அந்தக் கை அந்த இடத்தைவிட்டு நகரும்.

பட்டாளத்தில் அவனை டிரைவராக்கினார்கள். சேற்றில் மாட்டுவண்டி ஓட்டிப் பழகியவனுக்கு, சக்கரம் பிடி விடப்போவது முன்கூட்டியே இடுப்பில் தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் லடாக் பக்கம் அனுப்பினார்கள். முதல் தடவை சோஜிலா கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியபோது வண்டியின் வேகத்தைத் தானாகவே குறைத்தான். கண்ணுக்கு எட்டியவரை புல் இல்லை, மரம் இல்லை. சுட்ட செங்கல் நிறத்தில் மொட்டை மலைகள். மேலே பனி, கீழே மணல். காற்று கிளம்பினால் இரண்டும் ஒன்றாகப் பறந்து வந்து கண்ணாடியில் அறையும். இப்படியும் பூமி இருக்குமா என்று அன்று முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நினைத்துக்கொண்டே வந்தான்.

ஆட்சி மாறி, குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்த சமயம். பெயர் பதிவானால் அவரை நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது. ஊரில் ஒருபக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, ஒருபக்கம் செங்கொடி. மிராசுதார்கள் குத்தகைக்காரர்களை ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீரையனின் மனைவி அம்சம் எழுதினாள்: தையில் தாசில்தார் விசாரணைக்கு வருகிறார். நிலத்தை உழுவது குத்தகைக்காரனாகவா, பண்ணையாளாகவா என்று கேட்பாராம். மாமாவுக்கு மிராசுதார் ஐயா முன்னால் வாய் வராது. நீங்கள் பட்டாளத்து உடுப்போடு வந்து பக்கத்தில் நின்றால் போதும், பேசிவிடுவேன் என்கிறார்.

லீவு கிடைத்தது. கார்த்திகைக் கடைசியில் கணவாய் மூடுவதற்கு முன்னால் போகும் கடைசி லாரி வரிசையில் அவன் வண்டியும் இருந்தது. அம்சத்துக்குப் பச்சையில் ஒரு சால்வைகூட வாங்கிவிட்டான்.

லடாக் குளிரில் வண்டியை நிறுத்தினால் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விடிவதற்குள் உறைந்து இன்ஜினைப் பிளந்துவிடும். வடித்தபின் குழாயைத் திறந்தே விட வேண்டும் என்பது கட்டளை. அடியில் சேரும் துரு அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்றதுபோலத் தெரியும், உள்ளே மிச்சம் இருக்கும், மெதுவாகத்தான் சொட்டும். இது வீரையனுக்குத் தெரியாததல்ல. இரண்டு குளிர்காலம் சரியாகச் செய்தவன்தான். புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் மனம் முழுக்க ஊரில் இருந்தது. தாசில்தாரிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டே குழாயைத் திறந்தான். தண்ணீர் ஓடி நின்றது. மூடினான். கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனான்.

காலையில் வண்டி கிளம்பவில்லை. ஹவில்தார் கோவிந்தராசு, ஒரத்தநாட்டுக்காரர், குனிந்து பார்த்தார். இன்ஜினின் பக்கவாட்டில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. அதன் வாயில் பனிக்கட்டி பிதுங்கி நின்றது.

"குழாய் மூடியிருக்கேடா. யாரு மூடுனா?"

வீரையன் குனிந்து குழாயைத் தொட்டுப் பார்த்தான்.

"ஒன்னத்தாண்டா கேக்குறேன்."

"நாந்தாண்ணே."

"ஏண்டா மூடுன?"

கோவிந்தராசு கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தவர், அவன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். உத்தரவு தெளிவாக இருந்தது. வண்டியைப் பாழாக்கியவன் வண்டியோடு இருக்க வேண்டும். லீவு ரத்து. மற்ற லாரிகள் ஒன்றின் தடத்தில் ஒன்றாகப் போய், திருப்பத்தில் மறைந்தன. அன்று மதியமே பனி கொட்டத் தொடங்கியது. அந்தத் தடங்கள் நிரவிப்போவதை அவன் நின்று பார்த்தான்.

கணவாய் மூடியது. விமானத்தில் நோயாளிகளுக்கே இடமில்லை. விசாரணை நாளன்று அவன் முகாமில் மண்வெட்டியால் பாதைப் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தான். வெட்டி எறிகிற வீச்சு அப்படியே ஊரில் வரப்பு வெட்டுகிற வீச்சு.

கணவாய் திறந்து அவன் ஊர் வந்தபோது வைகாசி. நடந்ததை அம்சம்தான் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டுத் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிவசாமி. இளையபெருமாள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குத்தகையா, பண்ணையாளா? சொல்லுய்யா."

"மவன் வர்றாங்க. வந்ததும் சொல்றேங்க."

"மவனா வந்து உழுதான்? நீதானேய்யா உழுத?"

கூட்டம் சிரித்தது. சிவசாமி சிரிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"எளையபெருமா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. எங்க வீட்டுச் சோறு நீ தின்னதில்லையா?"

"தின்னுருக்கேங்க."

"அப்பறம் என்ன சார், பண்ணையாள்னு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். குத்தகைக்கு அளந்த நெல்லைப்பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல அவருக்கும் வரவில்லை. சித்திரையில் சிவசாமி அந்த இரண்டு மாவையும் சொந்தச் சாகுபடி என்று எடுத்துக்கொண்டார். இளையபெருமாள் அதே நிலத்தில் கூலிக்குப் போனார்.

வந்த மறுநாள் வீரையன் அப்பாவிடம் போய் நின்றான். ஊரெல்லாம் அவர், "பனி மூடிருச்சு, இல்லாட்டி எம் மவன் வந்திருப்பான்" என்று சொல்லி வைத்திருந்தார். அதை அப்படியே விட்டிருக்கலாம். அவனால் முடியவில்லை.

"பனி இல்லப்பா. பனிக்கு முந்தியே கெளம்பியிருப்பேன். தண்ணிய வடிச்சுட்டுக் கொழாயத் தொறந்து போடணும். மூடிட்டேன்."

லாரியோ ரேடியேட்டரோ இளையபெருமாள் கண்டதில்லை.

"வடிச்சுட்டுத் தொறந்தா போடுவாங்க?"

"அங்க அப்படித்தாம்ப்பா."

"அது என்னடா ஊரு." கோவணத்தை இழுத்துச் செருகிக்கொண்டார். "மூடிட்டுத்தானே வரணும். நான் அப்படித்தானே சொல்லிக் குடுத்தேன்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் வீரையன் அன்றே அழுது தீர்த்திருப்பான்.

லீவு முடிவதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்தது. ஒரு சாயங்காலம் இருவரும் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அப்பா, அவர் கால் பட்ட இடத்தில் மகன். அந்த இரண்டு மாவில் நாற்று நட்டுச் சில நாள் ஆகியிருந்தது. சிவசாமியின் ஆள் யாரோ வடிமடையைத் திறந்து போட்டுப் போயிருந்தான். தண்ணீர் வாய்க்காலுக்குச் சலசலத்துக்கொண்டிருந்தது. இளையபெருமாள் அதைத் தாண்டி இரண்டு எட்டு போனார். நின்றார். திரும்பி வந்து குனிந்தார். ஒரு கவளம் சேற்றை அள்ளி அடைத்து, உள்ளங்கையால் தட்டி, தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தார்.

"அப்பா, நமக்கு என்ன அதுல?" என்றான் வீரையன்.

அவர் தன் கையைப் பார்த்தார். வாய்க்காலில் அலம்பிக்கொண்டே, "வாடா, இருட்டுது" என்றார்.