சங்கிலிக்கு அங்கிட்டு

திருவரங்குளத்தைத் தாண்டி உள்ளே போகிற தார்ச்சாலை ஓரிடத்தில் முடிந்து, செம்மண் பாதையாகக் காட்டுக்குள் நுழைகிறது. பெரிய காடு என்று சொல்ல முடியாது. முதலில் தைலமரம், அப்புறம் முந்திரி, அதற்கும் அப்பால் காரையும் சூரையுமாகப் பழைய புதர்கள். எல்லாம் வனத்துறை நிலம். பாதை போய் முடிகிற இடத்தில் ஒரு குளம் உண்டு. ஐப்பசி மழைக்கு நிறையும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும். என் கணவருக்கு வார விடுமுறை என்றைக்கு வருகிறதோ, அன்றைக்குக் காலையில் நாங்கள் இருவரும் சைக்கிளில் அந்தக் குளத்துக்குப் போய்விடுவோம்.

அவர் பஸ் டிரைவர். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காலம் கழித்தவர். வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, தைலமரத்தைத் தாண்டினால்தான் அது நிற்கிறது என்பார். நான் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய வருஷங்களில் பழகியவள். அதனால் அவர் என்னைப் பின்னால் உட்கார வைத்து மிதித்ததே இல்லை. ஆளுக்கொரு சைக்கிள். நான் முன்னால் போவேன். அவர் சைக்கிளின் செயின் கவரில் உரசுகிற சத்தம் பின்னாலேயே வரும். அந்தச் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அவர் ரிட்டயர் ஆன பிறகு தினமுமே போனோம். அந்தச் சமயத்தில்தான் மோட்டார் பைக்குகள் வரத் தொடங்கின. சைலன்ஸரைக் கழற்றிவிட்டுப் பையன்கள் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போவதும், இன்னொருவன் நின்று செல்போனில் படம் பிடிப்பதுமாக ஆயிற்று. குஞ்சுகளோடு பாதையைக் கடந்த மயில் ஒன்று அடிபட்டுக் கிடந்ததை நாங்களே பார்த்தோம். காலையில் நடக்க வருகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ரேஞ்சர் ஆபீசுக்குப் போனார்கள். முன்னால் நின்று பேசியவர் என் கணவர். கொஞ்ச நாளில் பாதையின் வாயில் இரண்டு கல்தூண் நட்டுச் சங்கிலி போட்டார்கள். மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை, நடப்பவர்களும் சைக்கிளும் மட்டும் போகலாம் என்று போர்டு வைத்தார்கள். அன்றைக்கு வீட்டில் அவர் இரண்டு தடவை காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. திருச்சியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். சமதளத்தில் மெதுவாக நடக்கலாம், மேட்டில் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். குளத்துப் பாதையோ முந்திரிக்காடு வரைக்கும் ஏற்றம்தான். சில மாதம் நாங்கள் இருவருமே அந்தப் பக்கம் போகவில்லை. சுவரில் சாத்தியிருந்த அவருடைய சைக்கிளைக் காலையில் துடைப்பார், பழையபடி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் மகள் ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினாள். பெடலும் உண்டு, மோட்டாரும் உண்டு. நாம் லேசாக மிதித்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அவர் வேண்டாவெறுப்பாகத்தான் ஏறினார். வல்லத்திராக்கோட்டை ரோட்டில் ஒரு மேட்டை ஏறித் திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"யாரோ முதுகுல கைய வச்சுத் தள்ளிவிடுறாப்ல இருக்கு," என்றார். "நாளைக்கிக் கொளத்துக்குப் போவமா?"

மறுநாள் நான் வழக்கம்போலச் சங்கிலிக்குக் கீழே சைக்கிளைச் சாய்த்து நுழைத்துவிட்டேன். அவருடையது கனம், சாய்க்க வரவில்லை. சத்தம் கேட்டு வனக்காவலர் வந்தார். எங்களை நன்றாகத் தெரிந்தவர். இருக்கைக்குக் கீழே இருந்த பேட்டரியைப் பார்த்ததும் அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

"தப்பா நினைக்காதீங்கய்யா. இது சைக்கிளா மோட்டாரான்னு எனக்கே வெளங்கல. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை, ஓடுகிற ஆளைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதானே என்றேன். என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருப்பதைப் பற்றியும் சொன்னேன். காவலர் ரேஞ்சருக்குப் போன் போட்டார். இதைப் பற்றி உத்தரவு எதுவும் இல்லை, தெளிவாகும் வரை விட வேண்டாம் என்று பதில் வந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போகலாமா என்று கேட்டதற்குத் தாராளமாகப் போகலாம் என்றார்கள். பேட்டரி இல்லாத அந்த வண்டியை என் கணவரால் தைலமரத்தைத் தாண்டும் வரைகூட மிதிக்க முடியாது.

நடக்க வருகிறவர்கள் ஒருநாள் காலையில் சங்கிலிக்குப் பக்கத்தில் கூடிப் பேசினார்கள். இந்தப் பாதையைக் காப்பாற்றிக் கொடுத்தவரையே நிறுத்துவதா என்று பெரும்பாலும் எல்லாருமே எங்களுக்காகப் பேசினார்கள். ஒரு பெண் மட்டும் தலையாட்டவில்லை. பக்கத்து ஊரில் சத்துணவு மையத்தில் சமைப்பவள். காது அநேகமாகக் கேட்காது, வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். என் கணவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணே, மோட்டார் பைக்குன்னா தரை அதிரும், காலுல தெரியும், ஒதுங்கிக்கிருவேன். மிதி சைக்கிளு இந்த மேட்டுல மெல்லத்தான் வரும். இது கனமா, வேகமா பின்னால வந்தா எனக்குத் தெரியவே தெரியாதுண்ணே. டவுன்ல இதுமாதிரி ஒரு வண்டி இடிச்சுத்தான் கைய ஒடிச்சிக்கிட்டேன். பயமில்லாம நடக்குறதுக்கு எனக்கு இருக்கது இந்த ஒரு எடந்தான்."

யாரோ ஒருவர், அண்ணன் ஒருத்தருக்கு மட்டும் விட்டுவிடலாமே, அவர் மெதுவாகத்தானே போவார் என்றார். என் கணவர் சங்கிலியைப் பிடித்தபடி, அந்தப் பெண்ணுக்குத் தெரிகிற மாதிரி முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு விட்டா நாளைக்கி எல்லாருக்கும் விடணும். வேணாம்மா. நீ நட."

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் கோபம் அதிகமாயிற்று. விட்டுக்கொடுக்கிற முடிவை என்னையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். அந்தக் குளம் எனக்கும்தானே இல்லாமல் போனது.

அவர் என்னைத் தனியாகப் போய்வரச் சொன்னார். அவருக்காக ஒருநாள் போனேன். பாதையில் ஒருவரும் இல்லை. செம்போத்து ஒன்று முந்திரிக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தது. நான் மூன்று நான்கு தடவை மிதிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். குளத்தில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது. ஒரு கூட்டம் நாரைகள் நின்றன. வழக்கமாக நாங்கள் உட்காரும் கரையில் உட்காராமல் திரும்பிவிட்டேன். என்ன பார்த்தாய் என்று அவர் கேட்டார். தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ரேஞ்சர் ஆபீசில் நான் கொடுத்த மனுவை மேலே அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். உடம்புக்கு முடியாதவர்களுக்காவது வாரத்தில் ஒருநாள் விடலாமே என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்டு எழுதிய எனக்கே, அந்த ஒருநாள் எந்த நாளாக இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பெண் நடக்க வருவாளா என்ற நினைப்பு வராமல் இல்லை. பேட்டரி சைக்கிளில் அவர் இப்போது குடுமியான்மலை வரைக்கும்கூடப் போய்விட்டு வருகிறார். லாரிகள் போகும் ரோடு. திரும்பி வந்ததும் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொள்கிறார்.

போன கார்த்திகையில் நல்ல மழை. ஒரு காலையில் வண்டி எதுவும் எடுக்காமல், நடந்தே போய்ப் பார்த்துவிடலாம் என்றார். டாக்டரைக் கேட்கவில்லை. சங்கிலியைத் தாண்டி, நின்று நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முந்திரிக்காடு தொடங்குகிற இடத்தில் மூச்சு வாங்கியது. தாழ்ந்த கிளை ஒன்றில் உட்கார வைத்தேன். சட்டை நனைந்திருந்தது. இன்னும் பாதி தூரம் இருந்தது.

காற்று குளத்துப் பக்கமிருந்து வந்தது. அதில் தண்ணீரின் குளிர்ச்சி இருந்தது. தவளைச் சத்தமும் லேசாகக் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

"நெறைஞ்சிருக்கும் போல," என்றார்.

"நெறைஞ்சுதான் இருக்கும்," என்றேன்.

வெயில் ஏறுவதற்குள் அவரைக் கையைப் பிடித்து எழுப்பினேன். வந்த வழியே மெதுவாக இறங்கினோம்.