அப்பா பெயரில் ஆறு நம்பர்

அம்மாவைக் கம்பளியில் கிடத்தி, நான்கு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டு வரிசையிலிருந்து பெரிய ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் பின்னாலேயே போனில் வீடியோ படம் பிடித்துக்கொண்டு போனேன். பெற்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கையில் படமா எடுத்தாய் என்று கேட்டவர்கள் உண்டு. ஆமாம், எடுத்தேன். அந்தப் பாதைக்குத் தார் போட்டாகிவிட்டது என்று எம்.எல்.ஏ.வின் படத்தோடு கீழே போர்டு வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் அந்தப் போர்டுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அதற்கு மேல் ஏற வழியில்லை. கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தப் படத்தை இணையத்தில் போட்டேன். யாரையும் திட்டவில்லை. ‘இதுதான் எங்கள் ரோடு’ என்று மட்டும் எழுதினேன். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். போர்டில் சிரித்துக்கொண்டிருந்தவரின் ஆட்கள் புகார் கொடுத்தார்கள். ஸ்டேஷனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

என் சிம் அப்பா பெயரில் இருந்தது. என்னுடையது மட்டுமல்ல, லயத்தில் இன்னும் ஐந்து வீட்டுக்காரர்களுடையதும். சிலோனிலிருந்து வந்த எங்கள் குடும்பங்களில் பலருக்கு ஒரு காகிதத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். அப்பாவின் காகிதங்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. அதனால் லயத்தில் யாருக்கு சிம் வேண்டுமென்றாலும் அவர்தான் கடைக்குப் போய்த் தன் பெயரில் விரல் ரேகை வைத்து வாங்கி வருவார். பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுப்பது போலத்தான் எங்களுக்கு அது.

“ஏனுங்க பெரியவரே, உங்க பேர்ல ஆறு நம்பர் ஓடுதுங்களே. எந்தக் கூட்டத்துக்குங்க?” என்றார் அதிகாரி. பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. பிறகு சட்டத்தைப் படித்துக் காட்டினார். பொது அமைதியைக் கெடுக்கக்கூடிய, அரசின் மேல் தவறான எண்ணம் உண்டாக்கக்கூடிய எந்தப் பதிவும் குற்றமாம். இதை வைத்துக் காலை வணக்கம் சொல்கிறவனைக்கூடப் பிடிக்கலாம். ஆனால் அதே படத்தின் கீழே ‘சிலோனுக்கே ஓடுங்கள்’ என்று எழுதிய கட்சிக்காரனை யாரும் கூப்பிடவில்லை. யாரைப் பிடிப்பது என்று முடிவு செய்த பிறகு எடுத்துப் படிப்பதற்காகவே எழுதிய சட்டம். இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“நான்தான் சார் போட்டேன், என்னை எழுதுங்க” என்றேன்.

“நம்பர் யார் பேர்ல இருக்குதோ அவங்கதானுங்க பதில் சொல்லோணும். வேணும்னா மீதி அஞ்சு பேரையும் கூப்பிட்டு விசாரிச்சுரலாம்.”

அப்பா சட்டென்று எழுந்துவிட்டார். “அந்த அஞ்சு வூட்டையும் இழுக்காதீங்க ஐயா. என்ன செய்யணும்னு சொல்லுங்க” என்றார்.

என்னை வெளியே அனுப்பினார்கள். அப்பா முன்னால் ஒரு தாளை வைப்பது கதவிடுக்கில் தெரிந்தது. அரை மணி நேரம் கழித்து அப்பா ஒரு போலீஸ்காரரோடு வந்தார். “அழிச்சிரு புள்ள” என்றார். இணையத்திலிருந்தும் போனிலிருந்தும் அழித்தேன். போலீஸ்காரர் குனிந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். கம்பளிக்குள்ளிருந்து அம்மா, “கல்லு கெடக்கு, பாத்து இறங்குங்க” என்று தூக்கியவர்களிடம் சொல்வது அந்தப் படத்தில் இருந்தது. அவள் குரல் எங்களிடம் வேறெதிலும் இல்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், “தாள்ல என்னப்பா எழுதியிருந்தாங்க?” என்று கேட்டேன்.



“அந்தப் படம் பொய்யினு. அந்த வழியா யாரையும் தூக்கிட்டு வரலைனு. தலமாட்டுல புடிச்சவன் நான் புள்ள. நானே கையெழுத்து வச்சிட்டேன்.”